எட்டு முடிச்சு விழுந்தால் லேசு

பத்தாவது மூட்டையை மண்டிக்குள் இறக்கிவிட்டு வெளியே வரும்போது நல்லதம்பி இடுப்பில் தொங்கும் சணல் நூலில் ஒரு முடிச்சுப் போடுகிறார். நடந்துகொண்டே, குனிந்து பார்க்காமலே போடுகிறார். அடுத்த பத்து இறங்கியதும் அடுத்த முடிச்சு. காந்தி மார்க்கெட்டில் அரிசி மூட்டைக்கு அவர் முதுகு கொடுக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நூல் தொங்க ஆரம்பித்து நாலு வருஷம். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. "சமயபுரத்தாளுக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பூக்காரி ஒரு முழம் கதம்பத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். அவர் மறுக்கவில்லை. பூ கனமில்லை.

சாயங்காலம் குழாயடியில் முகம் கழுவிய பிறகு நூலை அவிழ்த்து விரலால் தடவி எண்ணுவார். நாலு முடிச்சு இருந்தால், "இன்னிக்கி கனம்" என்பார். எட்டு இருந்தால், "இன்னிக்கி லேசு." யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போவார். அங்கே ஒரு புளிக் கிடங்கின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் வீரமாருதி தேகப்பயிற்சிக் கழகம் நடக்கிறது. நாளெல்லாம் மூட்டை தூக்கிய மனிதர் அங்கே போய் இரும்புக் கம்பி தூக்குகிறார்.

மார்க்கெட்டுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "நாள் பூரா மாவாட்டினவ, பொழுது போகலன்னு பக்கத்து வீட்ல போயி மாவாட்டுவாளாய்யா?" என்று கேட்கிறவர் செல்லக்கண்ணு. வையம்பட்டிக்காரர்; இந்தப் பன்னிரண்டு வருஷமும் நல்லதம்பிக்கு ஜோடி. நல்லதம்பிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் லேசு மகாராசா.

மண்டியில் ஜோடி ஜோடியாகத்தான் வேலை. ஒரு லாரிக்கு இரண்டு பேர். ஒருவர் லாரியின் மேல் நின்று மூட்டையைக் கொக்கியால் விளிம்புக்கு இழுத்துத் தள்ளுவார். மற்றவர் கீழே முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பார். எழுபத்தைந்து கிலோ வந்து முதுகில் உட்காரும். அதைச் சுமந்துகொண்டு பலகை மேல் ஏறி உள்ளே போய் அடுக்க வேண்டும். மேலே நிற்பது லேசு, கீழே நிற்பது கனம். லாரிக்கு எண்பது மூட்டை. ஒரு நாளைக்கு இரண்டு லாரி வந்தால் ஆளுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்வார்கள். ஆளுக்கு எட்டு முடிச்சு. ஒரே லாரி வந்தால் பாதியில் மாறிக்கொள்வார்கள், நாலு முடிச்சு. செல்லக்கண்ணு முடிச்சுப் போடுவதில்லை. "தூக்கினத என்னத்துக்குய்யா எண்றது? எண்ணினா கொறையவா போவுது?" என்பார்.

நல்லதம்பி சொல்லும் லேசும் கனமும் மாலையில் தூக்கும் கம்பிக்கு. எட்டு முடிச்சு விழுந்த மாலையில் அவர் கம்பியில் தொண்ணூற்றைந்து ராத்தலுக்கு, அதாவது நாற்பத்து மூன்று கிலோவுக்கு, மேல் மாட்டுவதில்லை. அதைப்போல் இரண்டரை மடங்கு அவரால் தூக்க முடியும். கொட்டகைக்குப் புதிதாக வருகிறவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய மில் பெல்ட்டில் அறுத்த வாரை வயிற்றில் இறுக்குவார். சாக்கட்டி இடித்த பொடியைக் கையில் தேய்ப்பார். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஆஞ்சநேயரையும் அந்தோணியாரையும் ஒரே கும்பிடில் முடிப்பார். கம்பியின் முன் நின்று மூன்று முறை மூச்சை இழுத்து விடுவார். பிறகு, மற்றவர்கள் பேசிக்கொண்டே தூக்கும் கனத்தை, மலையைத் தூக்குகிற முகத்தோடு தூக்குவார். பத்து முறை. பத்தும் ஒன்றுபோலவே இருக்கும்.

"லேசத்தாங்க ஒழுங்கா தூக்கணும்" என்பது அவர் கட்சி. "கனத்துல தப்பு பண்றதுக்கு எடமே கெடையாது. தூக்கினா தலைக்கு மேல நிக்கிது. இல்லன்னா கால்ல விழுது. லேசுதான் ஆள ஏமாத்தும்."

கழகத்தின் செயலாளர் பிலோமின்ராஜ், பொன்மலை ரயில் பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவர். ஏலத்தில் எடுத்த பழைய இரும்பில் கழகத்துக்கு வேண்டிய பதினான்கு தகடுகளையும் தன் கையால் கடைந்து, ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து ராத்தல் என்று எண் வெட்டியிருந்தார். நல்லதம்பிக்குத் தூக்கும்போதே இடது பக்கத்துக் கனம் வலது பக்கத்தோடு ஒத்துவரவில்லை. இரண்டிரண்டாகச் சைக்கிளில் கட்டி ஏழு நாள் மண்டிக்குக் கொண்டுபோய்த் தராசில் நிறுத்தார். இருபத்து நாலிலிருந்து இருபத்தாறரை வரை ஒவ்வொன்றும் ஒரு கணக்குச் சொல்லிற்று. எல்லாவற்றிலும் பச்சைப் பெயின்டால் மெய்யான எடையை எழுதிக் கொண்டுவந்து அடுக்கினார்.

"என் கடைசல்ல குத்தம் கண்டுபிடிச்ச மொத ஆளு நீதான்யா" என்றார் பிலோமின்ராஜ்.

"கடைசல்ல இல்லண்ணே. எழுத்துலதான்."

ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பிலோமின்ராஜ் பச்சை எண்ணைப் பார்த்துத்தான் தகடு மாட்டினார்.

வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் சாலையில். லேசு நாளில் காவிரிப் பாலத்தில் எதிர்காற்று அடித்தால் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். கனத்த நாளில் தொட்டியம் வாழைப்பழம் ஆறு தின்பார். லேசு நாளில் இரண்டு. லேசு நாளில் வீட்டில் தண்ணீர்க் குடம் தொடமாட்டார். அவர் மனைவி பொன்னுத்தாய் இதைத் தெருக் குழாயில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். "ஊரான் மூட்டையத் தூக்குறாரு, எவன் ஊட்டு இரும்பையோ தூக்குறாரு. பெத்த புள்ளையத் தூக்குங்கன்னா, இன்னிக்கி லேசுங்கிறாரு. புள்ள என்ன ராத்தலு, நான் என்னத்தக் கண்டேன்?"

இந்த லேசும் கனமும் அவர் எங்கும் படித்து வந்ததல்ல. முன்பெல்லாம் அவருக்குத் தினமும் கனம்தான். தலைக்கு மேல் இருநூற்று முப்பது ராத்தல் என்ற இடத்தில் போய் நின்றார். நின்றது மூன்று வருஷம். தினமும் மாலை இருநூற்று முப்பத்தைந்து மாட்டுவார். தினமும் அது விழும். விழ விழ இன்னும் அதிகமாகத் தூக்கிப் பார்த்தார். உடம்பு கரைந்தது, கம்பி கரையவில்லை. அப்போதுதான் மூத்த பெண்ணுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வீட்டு மனிதர் வெளியே போகக்கூடாது. மண்டி இல்லை, கொட்டகை இல்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பதினொரு நாள், பெண்ணுக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருந்த பலமும் போயிருக்கும் என்று பயந்துகொண்டே பன்னிரண்டாம் நாள் கொட்டகைக்கு வந்தார். இருநூற்று முப்பத்தைந்தை மாட்டினார். அது மேலே போய் நின்றது. கீழே போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

பொன்னுத்தாய் அது ஆத்தா கொடுத்தது என்றாள். பிலோமின்ராஜ், சதைக்குக் கிடைத்த ஓய்வு என்றார். நல்லதம்பி இரண்டு பேரிடமும் ஆமாம் என்றார். அடுத்த வாரம் நூல் கட்டிக்கொண்டார். நாலு முடிச்சு, எட்டு முடிச்சு என்பதெல்லாம் ஒவ்வொரு மாலையும் தூக்கிப் பார்த்து, விழவைத்துப் பார்த்து, ஆறு மாதத்தில் அவராகக் கண்டெடுத்த அளவு. போட்டிக்கு முந்திய ஒரு வாரம் முழுக்க லேசு என்பதும் அதில் சேர்ந்தது. வெகுநாள் கழித்துப் பிலோமின்ராஜ் பட்டறை அதிகாரி ஒருவரிடம் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"இங்க பாருய்யா! கனத்த நாளு, லேசு நாளுன்னு இங்கிலீஷ்லயே போட்டிருக்கான்!"

"அவங்க வீட்லயும் அம்மை போட்டிருக்கும்ணே" என்றார் நல்லதம்பி.

நூல் கட்டிய பிறகு ஜில்லா பளு தூக்கும் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். முதல் பரிசு கோப்பை. அதோடு மெட்ராஸில் மாகாணப் போட்டிக்கு அனுப்புவார்கள். மூன்று வருஷமும் கோப்பையை எடுத்துப் போனவர் புத்தூரில் குடியிருக்கும் ஓர் ஆயுதப்படைக் காவலர். நல்லதம்பி இதுவரை மெட்ராஸ் பார்த்ததில்லை. போன மார்கழியில் வயது முப்பத்தாறு முடிந்தது. "இந்த வருசம் இல்லன்னா இனிமே இல்ல நல்லதம்பி. எரநூத்தி அம்பது. அத மட்டும் மேல நிறுத்து. போலீஸ்காரருக்கு அது வராது" என்று பிலோமின்ராஜ் சொல்லிவிட்டார். கொட்டகையில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, இருநூற்றைம்பது நின்றிருந்தது. நல்லதம்பி வீட்டில் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தார். பொன்னுத்தாய்க்கு மட்டும் வேறு கணக்கு. "வீட்ல நாலு பேரு, டம்ளரு மூணு. நாலாவதும் வந்துட்டா செட்டுங்க" என்றாள்.

போட்டி பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. ஆக, அதற்கு முந்திய வாரம் லேசு. அதுதான் மார்க்கெட்டில் வருஷத்திலேயே கனத்த வாரம், பொங்கலரிசி வரும். நாள் தவறாமல் இரண்டு லாரி.

திங்கட்கிழமை காலையில் நல்லதம்பி வாய் திறக்குமுன் செல்லக்கண்ணுவே, "மகாராசா மேல ஏறு. இந்த வாரம் பூரா நீ மேல, நான் கீழ. கப்பு வந்தா கள்ளமில்லாம என் கையில ஒரு தடவ குடுக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

நல்லதம்பி ஏறினார். இரண்டு லாரியையும் மேலே நின்றே தள்ளினார். மாலையில் நூலைப் பார்த்தால் ஒரு முடிச்சும் இல்லை. லேசு வாரத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் அவருக்கு அது பொருந்தவில்லை. தன் முதுகில் வந்திருக்க வேண்டிய எண்பது மூட்டை எங்கே போயிற்று என்று எங்காவது பதிந்திருக்க வேண்டாமா? செவ்வாய்க்கிழமை காலையில் இன்னொரு சணல் நூலை எடுத்து இடுப்பின் மறுபக்கம் செருகிக்கொண்டார். முதல் நாளுக்குப் பதினாறு முடிச்சைப் போட்டார். பிறகு செல்லக்கண்ணு பத்துப் பத்தாகச் சுமந்து போகப் போக, லாரி மேல் நின்றபடியே முடிச்சுப் போட்டார். செவ்வாயும் பதினாறு. புதனும் பதினாறு.

செல்லக்கண்ணு மூட்டையோடு பலகை ஏறும்போது யாரையாவது வைதுகொண்டே ஏறுவது வழக்கம். லாரி டிரைவர், அரிசிக்குச் சொந்தக்காரர், பலகையைச் செய்த ஆசாரி, எல்லோருக்கும் முறை வைத்துக் கிடைக்கும். புதன்கிழமை ஆசாரி தப்பினார். வியாழக்கிழமை ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டாவது லாரியில், மூட்டையை நிலைப்படியில் ஒரு நொடி சாய்த்துவைத்து நின்றுவிட்டுப் போனார். யாரும் கவனிக்கவில்லை. நல்லதம்பி கவனித்தார். கம்பி விழுவதற்கு முன்னால் முழங்கால் உட்புறமாக ஓர் அங்குலம் மடங்குமே, அந்த மடக்கு. மூன்று வருஷம் தினமும் அதைத் தன் காலில் பார்த்தவர் அவர்.

அன்று மாலை நூலை அவிழ்த்தார். தன்னுடையது வெறும் நூல். மற்றது முடிச்சு முடிச்சாகச் சுருண்டு பாதி நீளமாகியிருந்தது. எண்பது. அவரிடம் நாலுக்கு விதி இருந்தது, எட்டுக்கு விதி இருந்தது. ஐந்து நாள் தொடர்ந்து பதினாறு என்பதற்கு இல்லை. கொட்டகையில் தொண்ணூற்றைந்து ராத்தலை மாட்டினார். பத்துக்குப் பதில் எட்டு முறை தூக்கிவிட்டு வாரை அவிழ்த்தார். பாலத்தில் ஏகாதசிக் கூட்டம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. லாரி வந்தது. செல்லக்கண்ணு துண்டை முதுகில் விரித்துக்கொண்டு குனிந்தார். மேலே யாரும் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால் நல்லதம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மேல ஏறு" என்றார் நல்லதம்பி.

"ஆரு, நானா? நாளைக்கிப் போட்டிய்யா."

"தெரியும். ஏறு."

"உனக்கு இன்னிக்கி லேசுல்ல?"

"இன்னிக்கி உனக்கு லேசு."

"எனக்கெதுக்குய்யா லேசு? நான் என்ன கப்பா வாங்கப் போறேன்?"

நல்லதம்பி கொக்கியை அவர் கையில் வைத்து அழுத்திவிட்டுக் குனிந்தார். செல்லக்கண்ணு ஏறிக்கொண்டே, "கிறுக்குப் பய. பலக செஞ்ச ஆசாரியும் கிறுக்குப் பய" என்றார். இரண்டு லாரிக்கும் நல்லதம்பிதான் கீழே. சாயங்காலம் அவர் நூலில் பதினாறு.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. செல்லக்கண்ணுவும் வந்திருந்தார், கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தார். முதல் இரண்டு வகைத் தூக்கிலும் நல்லதம்பியும் காவலரும் சமமாக வந்தார்கள். மூன்றாவதில் காவலர் இருநூற்று நாற்பத்தைந்தோடு நின்றார். நல்லதம்பி தன் கடைசி முறைக்குக் கம்பியில் இருநூற்றைம்பது மாட்டச் சொன்னார். வாரை இறுக்கினார். பொடி தேய்த்தார். மண்டபத்தில் படம் எதுவும் இல்லாததால் சன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்று மூச்சு. அப்போது கடைசி வரிசை கண்ணில் பட்டது. செல்லக்கண்ணு சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பிடித்திருக்கிறது என்று நல்லதம்பி நினைத்துக்கொண்டார்.

கம்பி மார்புவரை ஒழுங்காக வந்தது. அங்கிருந்து மேலே போயிற்று. வலது கை பூட்டிக்கொண்டது. இடது முழங்கை பூட்டவில்லை. பூட்டுவதா என்று யோசித்தது, பிறகு வேண்டாம் என்று தீர்மானித்தது. கம்பி விழுந்த சத்தத்தில் மண்டபம் அதிர்ந்தது. செல்லக்கண்ணு மறுபக்கம் சாய்ந்து படுத்தார்.

பிலோமின்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். நேரே நல்லதம்பியிடம் வந்தார்.

"நேத்து எத்தன முடிச்சு?"

"பதினாறு."

பிலோமின்ராஜ் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். "எங்கிட்ட மட்டும் அர ராத்தல் வித்தியாசத்துக்குப் பெயின்ட் அடிச்சே" என்றார்.

"ஆமாண்ணே."

டம்ளரைப் பொன்னுத்தாய் வாங்கிப் புளி போட்டுத் தேய்த்து மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தாள். இந்த வருஷம் கடையை மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அது ஒரு விரல் உயரமாக இருந்தது. "இது செட்டுல சேரலையேங்க" என்றாள். நல்லதம்பி டிரங்குப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றினார். இடது முழங்கை வீங்கியிருந்ததால் ஒரு கையாலேயே ஏற்றினார்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு லாரி வந்து நின்றது.

"கப்பு எங்கய்யா?" என்றார் செல்லக்கண்ணு.

"டம்ளரு."

"நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நல்லாத்தான் தூக்கினே. அந்த நடுவரு சரியில்ல" என்றார் செல்லக்கண்ணு. துண்டை உதறினார். "சரி, இன்னிக்கி என்ன? லேசா, கனமா?"

கனத்த நாளுக்கு மறுநாள் லேசு என்பதும் நல்லதம்பியின் விதி. போட்டிக்கு மறுநாள் என்றால் இரட்டை லேசு. அவர் இடுப்பில் வலது பக்கம் தொங்கிய தன் நூலைத் தொடவில்லை. செல்லக்கண்ணு சுமந்ததற்காக முடிச்சுப் போட்ட இடது பக்கத்து நூலை எடுத்து, முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை விரலால் நிதானமாகத் தடவிக்கொண்டு போனார். பின்னால் நின்ற வண்டிக்காரர் இரண்டு முறை மணியடித்தார். தடவி முடித்ததும் நூலைத் திரும்பச் செருகிக்கொண்டு, லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.